ஓட்டைத் தகட்டு வாசல்

எங்கள் வீட்டு வாசல் கேற் ஒரு காலத்தில் விமானம் இறங்கிய தரை. சொன்னால் வெளியூர்க்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். எங்கள் ஊர் பாலாவிப் பக்கம் வந்தால் தெரியும்: வட்ட வட்டமாக ஓட்டை போட்ட இரும்புத் தகடு, வேலியாகவும் ஆட்டுக் கொட்டிலாகவும் கிணற்று மூடியாகவும் இன்னும் எத்தனையோ வீடுகளில் கிடக்கிறது.

பெரிய யுத்தத்தின்போது வெள்ளைக்காரன் தன் பொடியன்மாருக்கு விமானம் ஓட்டப் பழக்க இடம் தேடியிருக்கிறான். உலகத்தில் வேறு இடமே கிடைக்காததுபோல எங்கள் உப்புக்காற்றுக்கு வந்து, காட்டை வெட்டி, மணலில் இந்தத் தகடுகளைக் கொளுவி விரித்தான். பழக வந்தவர்கள் பாதி நேரம் சேற்றில்தான் இறக்கினார்களாம். புதைந்ததை இழுத்தெடுக்க யானை பிடித்து வந்தார்களாம். அவ்வளவு பெரிய இராச்சியம், கடைசியில் யானைக்குப் பின்னால் நின்றிருக்கிறது!

அந்த இடத்தில் உம்மாவின் வாப்பாவுக்கு, அதாவது என் மூத்தாப்பாவுக்கு, தென்னங்காணி இருந்தது. யுத்தம் முடிந்ததும் திருப்பித் தருவோம் என்று யாரோ ஒரு துரை வாயால் சொன்னாராம். யுத்தம் முடிந்தது, துரை கப்பலேறினார், காணி வரவில்லை. வெள்ளைக்காரன் விட்டுப்போன தரையில் ஊரே போய்த் தகடு பெயர்த்த நாளில், மூத்தாப்பா தன் காணி இருந்த இடத்தைத் தேடிப்பிடித்து, அதன்மேல் கிடந்த தகடுகளைத்தான் சுமந்து வந்தார். வழியில் தடுக்கி விழுந்ததில் ஒரு மூலை மடங்கிப்போனது. அந்த மடிப்போடேயே பட்டறையில் ஒட்டவைத்து கேற் ஆக்கினார்.

எனக்குக் கல்யாணம் பேசியபோது, எங்கள் வழக்கப்படி உம்மா வீட்டைச் சீதனமாகத் தந்துவிட்டுக் குசினிக்குப் பின்னால் உள்ள அறைக்குப் போனார். கதிரை, அலுமாரி, சட்டிமுட்டி எல்லாம் எனக்குத்தான். ஆனால் எல்லார் முன்னாலும் சொன்னார்: "வூட்டத் தாறேன். கேற்ற மட்டும் தரமாட்டேன்." எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார், காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன மாதம் மச்சான் சாமான் ஏற்ற ஒரு வான் வாங்கினார். மச்சான் என்றால் என் கணவர். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். வான் உள்ளே நுழையாது என்று பட்டறையில் அகலமான கேற்றுக்கு ஓடர் கொடுத்தார். உம்மா கிளினிக் போயிருந்த காலையில், தெருவில் கத்திக்கொண்டு வந்த பழைய இரும்பு லொறிக்கு எங்கள் கேற்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். சீதன வீடு என்றால் வாசலும் சேர்த்திதானே என்று மனுஷனுக்கு நினைப்பு.

உம்மா வந்தார். கத்தப்போகிறார் என்று பயந்தேன். அவரோ உள்ளே போய்க் கதிரையைத் தூக்கி வந்து வாசல் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

"என்னும்மா இது?"

"கேற் இல்லாத வூடு. இப்ப நான்தான் கேற்."

மச்சான் கடைக்குக் கிளம்பினார். உம்மா அசையவில்லை.

"மாமி, கொஞ்சம் எழும்புங்களே."

"துருப்புடிச்ச கேற் மகன். டக்கெண்டு தொறக்காது."

மனுஷன் மதிலேறிக் குதித்தார். எதிர்வீடு முழுக்க வேடிக்கை பார்த்தது. எனக்குச் சிரிப்பையும் அடக்க முடியவில்லை, ஆத்திரத்தையும் அடக்க முடியவில்லை.

மச்சான் லொறிக்காரனைத் தேடிப் பிடித்தார். இரும்பு கொழும்புக்குப் போய் உருக்கியாகிவிட்டது என்றான். இதை என்னிடம் மட்டும் சொன்னார். பிறகு கனமூலை என்ற ஊரில் ஒரு ஆட்டுக் கொட்டிலில் அதே ஓட்டை, அதே துருவோடு தகடுகளைக் கண்டு, கெஞ்சி வாங்கி, ஒட்டவைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"இந்தாங்க மாமி, ஒங்கட கேற்."

உம்மா எழும்பி மூலையைத் தடவிப் பார்த்தார். மடிப்பு இல்லை.

"இது எங்கட இல்ல மகன்."

"எல்லாம் ஒண்டுதானே மாமி."

"தகடு ஒண்டுதான். இது வேற ஆரோ ஒராளுட காணி. பாவம், அவங்களுக்கும் இதுதான் மிஞ்சியிருக்கும். கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

மச்சான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, கொழும்புக் கதையைச் சொன்னார். உம்மா "ம்" என்றார். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

மறுநாள் காலையும் உம்மா வாசலில்தான். மச்சான் இன்னொரு கதிரையைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பட்டறைக்காரர் புதுக் கேற்றோடு வந்து இறங்கினார்.

"திருப்பிக் கொண்டுபோங்க காக்கா," என்றார் மச்சான், அந்தப் பட்டறை அண்ணனிடம். "இங்க ரெட்டைக் கதவு போட்டாச்சு."