மிளகுத் தரையில் நின்ற ஸ்போர்ட்ஸ் கார்

வெயிலில் காயும் மிளகின் காரமும் சூடான எஞ்சின் ஓயிலின் வாடையும்... இரண்டும் ஒன்றாக மூக்கில் ஏறினால் எனக்குக் கல்யாணமான முதல் வருடம்தான் ஞாபகம் வரும்.

மாத்தளைக்குக் கிட்ட, பல்லேபொல பக்கம் என் மாமியின், அதாவது கணவரின் தாயாரின் வீடு. தோட்டத்து மிளகைக் காயப்போடவென்றே வீட்டுக்குப் பின்னால் சிமெந்துத் தரை போட்டு வைத்திருந்தார். தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்கும், அவ்வளவு சமம். செருப்போடு யாரும் அதில் கால் வைக்க முடியாது.

அந்த வீட்டுக்குத்தான் என் கணவர் ரிஸ்வான் ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து சேர்த்தார். சிவப்பு நிறம். இரண்டே சீட். உள்ளே ஏறுவதென்றால் பாயில் உட்காருவது மாதிரி உட்கார வேண்டும். மாமி அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"நாளைக்குப் புள்ள ஒன்னு பொறந்தா எங்க வைக்கிற? டிக்கியிலயா?"

ரிஸ்வான் சிரித்தே சமாளித்தார். வண்டி வேலையெல்லாம் வீட்டிலேயே தானே செய்துகொள்வதாகவும் சொல்லிவிட்டார். அப்படித்தான் ஓயில் மாற்றும் வேலை எங்கள் தலையில் விழுந்தது. "எங்கள்" என்கிறேன்... டோர்ச் பிடிக்கவும் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கவும் ஆள் நான்தானே!

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. மிளகுத் தரைப் பக்கம் போக அனுமதி இல்லை. அதனால் மண் முற்றம்.

முதலில் வண்டியைத் தூக்கும் ஜக் அடியில் போகவேயில்லை. தரையோடு ஒட்டினாற்போல வண்டி அவ்வளவு பதிவு. முன் டயர்ச் சில்லுகளை இரண்டு பலாப் பலகைகள் மேல் ஏற்றிய பிறகுதான் நுழைந்தது. முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் சிமெந்துக் கல் அடுக்கி, ஜக்கை இறக்கிப் பாரத்தைக் கல் மேல் வைத்தார். எல்லாம் சரி என்றார். ஈர மண்ணில் ஒரு பக்கத்துக் கல் லேசாகப் புதைந்திருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

அவர் சாக்கை விரித்துப் படுக்கப் போனார்.

"இருங்க. ஒருக்கா தள்ளிப் பார்ப்போம்."

"என்ன கதைக்கிறீங்க பர்ஸானா? தள்ளினா விழுந்திரும்!"

"தள்ளினா விழுற வண்டிக்குக் கீழயா நீங்க படுக்கப் போறீங்க?"

கொஞ்சம் கோபத்தோடுதான் எழும்பி என் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு பேரும் வண்டியின் பக்கவாட்டில் கை வைத்துத் தள்ளினோம். பலமாகக்கூட இல்லை...

கல் பிளந்த சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த நொடி வண்டியின் மூக்கு கீழே.

விழுந்த வண்டிக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான் மிஞ்சியது. அதற்குள் அந்தச் சாக்கு கிடந்தது.

குசினியிலிருந்து மாமி கையில் அகப்பையோடு ஓடி வந்தார். "டேய் ரிஸ்வான்! மகள்! ரெண்டு பேரும் எங்க?"

மகனும், மகள் என்று அவர் கூப்பிடும் நானும் கண்ணுக்கு முன்னாலேயே நின்றோம். மாமி சாக்கைப் பார்த்தார். மகனின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பின்னேரம் பார்த்தால், மாமி சிமெந்துத் தரையிலிருந்து மிளகை அள்ளிக் கொண்டிருந்தார்.

"மழை வரப் போகுதா மாமி?"

"இல்ல மகள். இனி அந்த வண்டிய இதுல வைங்க. மிளகு பாயிலயும் காயும்."

மறுநாள் ரிஸ்வான் மாத்தளை டவுனிலிருந்து இரும்பு ஸ்டாண்ட் இரண்டு வாங்கி வந்தார். அதன் பிறகு எல்லாம் ஒழுங்குதான். ஹேண்ட்பிரேக், கியர், பின் சில்லுகளுக்கு மரக்கட்டை. ஜக் தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்ட். அதுவும் கண்ட இடத்தில் இல்லை, அடியில் அதற்கென்றே தடிப்பாக உள்ள இடத்தில். கடைசியில் மூன்று பேரும் சேர்ந்து தள்ளிப் பார்ப்போம். மாமி தள்ளுகிற தள்ளில் நாங்கள்தான் பயப்படுவோம்!

அது அசையாது என்று தெரிந்த பிறகு அந்த ஞாயிறுகள் எவ்வளவு நன்றாக இருந்தன...

அவர் கீழே. நான் பக்கத்தில் முக்காலியில். எனக்குத் தெரிவது இரண்டு கால்கள் மட்டும். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தயங்கியதையெல்லாம் அவர் வண்டிக்கு அடியிலிருந்து சொன்னார். தன் தகப்பன், வாப்பாவின் பலசரக்குக் கடையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏதாவது செய்ய ஆசை என்று சொன்னது அப்படித்தான். நானும் குறைந்தவள் இல்லை. எங்கள் மூத்தவள் வயிற்றில் இருக்கும் செய்தியை நான் சொன்னது அந்தக் கால்களுக்குத்தான்.

ஸ்பேனர் விழுந்த சத்தம் கேட்டது.

"உண்மையாவா?"

"முதல்ல வெளிய வாங்க. தலைய இடிச்சுக்காதீங்க..."

ஓயில் முகத்தோடு வெளியே வந்து அவர் சிரித்த சிரிப்பு!

மகள் தவழத் தொடங்கியபோது பக்கத்து ஊரான நாலந்தாவில் ஒருவருக்குக் காரை விற்றோம். ஸ்டாண்ட் இரண்டையும் சேர்த்துக் கொடுத்து, எப்படி வைப்பது என்று காட்டித்தான் அனுப்பினார் ரிஸ்வான்.

இப்போது எங்களிடம் ஐந்து பேர் தாராளமாக உட்காரும் வண்டி. போன கிழமை சர்வீசுக்குக் கொண்டு போனோம். ஏசி அறையில் உட்கார வைத்து பிளேன் டீ தந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டி தானாக மேலே போனது. இந்தப் பக்கம் அவர் ஒரு போனில், நான் ஒரு போனில். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

குறை ஒன்றும் இல்லை. வண்டி நன்றாக ஓடுகிறது, நாங்களும் நன்றாகத்தான் இருக்கிறோம். ஆனால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பேசித் தீர்க்கும் அளவுக்கு இப்போதெல்லாம் எந்த வண்டியும் வேலை வைப்பதில்லை...