மிக்ஸி மேல் போட்ட பழி

என் மனைவியின் குரலை அழித்தவன் நான். அந்தப் பழியை அவள் தங்கையின் தலையில் சுமத்தியவனும் நானே!

இந்த இரண்டு வரிகளை எழுத எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. எழுதிய பிறகும் நெஞ்சின் பாரம் குறையவில்லை. நீங்கள் என்னைத் தேற்ற வேண்டாம்... கேட்டால் போதும்.

ஏற்காட்டில் எனக்கு ஒரு சிறிய கடை. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பேன். விடுதிகளுக்குக் கேமரா மாட்டிக் கொடுப்பேன். என் மனைவி ரெஜினா சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை. ஞாயிறன்று தேவாலயத்துப் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவளும் அவள்தான். மைக் கெட்டுப்போன நாளிலும் அவள் குரல் கடைசி வரிசை வரைக்கும் போகும்.

அந்தத் தொண்டையில்தான் நோய் வந்தது.

முதலில் வெறும் கரகரப்பு. பனிக்காலம், சளி பிடித்திருக்கிறது என்று மிளகுக் கஷாயம் வைத்துக் குடித்தாள். கரகரப்பு போகவில்லை. சேலத்தில் காட்டியபோது மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: குரல்வளையை எடுத்தால்தான் உயிரைக் காப்பாற்றிப் பார்க்க முடியும். எடுத்தால் பேச்சு வராது.

திரும்பும் பஸ்ஸில், மலைப்பாதை முழுவதும் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்தபடியே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் கேட்டாள்.

"ஏனுங்க... ஜெனிக்கு என்ற கொரல் ஞாபகம் இருக்குமுங்களா?"

ஜெனி எங்கள் ஒரே மகள். அப்போது அவளுக்கு மூன்று வயது.

"பதிஞ்சு வெச்சுடலாம் ரெஜினா. உன் குரல் எங்கேயும் போகாது. அது என் பொறுப்பு" என்றேன். என் பொறுப்பு! அந்தச் சொல் இன்னும் என் காதில் கிடக்கிறது.

என்னிடம் உள்ளங்கைக்குள் அடங்கும் கணினி ஒன்று இருந்தது. பெட்டி கிடையாது, ஒரே ஒரு பலகை, அதன்மேலேயே எல்லாம். விடுதிக் கேமராக்களுக்கு அதைத்தான் பயன்படுத்துவேன். மலையில் எந்நேரமும் கரண்ட் போகும் என்பதால், அதைச் சுவர் இணைப்பில் மாட்டாமல் தனி பேட்டரியில் ஓட்டினேன். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அந்தப் பலகையில் இருந்தது ஒரே ஒரு யு.எஸ்.பி துளை. எனக்கோ மைக், ஹார்ட் டிஸ்க், கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றையும் மாட்ட வேண்டும். ஒரு துளையை நான்காக்கித் தரும் சின்னப் பெட்டிதான் யு.எஸ்.பி ஹப். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தனி அடாப்டர் உள்ளது. தன்னிடம் மாட்டியவற்றுக்குத் தானே மின்சாரம் கொடுக்கும். மற்றது, அந்தச் சின்னக் கணினியிடமிருந்தே உறிஞ்சிக் கொடுக்கும். கீபோர்டு, மவுஸ் என்றால் சமாளித்துவிடும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் கணினிக்கு மூச்சு முட்டும். டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுவிடும்.

இது எனக்குத் தெரியாததா? எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்!

அடாப்டர் உள்ள ஹப் கடை அலமாரியில் இருந்தது. வெள்ளக்கடைப் பக்கம் ஒரு விடுதிக்கென்று எடுத்து வைத்தது. வண்டியை எடுத்தால் போய் வந்துவிடலாம். அன்று நல்ல மழை... கையில் கிடந்த, அடாப்டர் இல்லாத சாதா ஹப்பை மாட்டினேன். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த 'நாளைக்கு' வரவே இல்லை.

ரெஜினாவைப் பார்த்துக்கொள்ள வாழவந்தியிலிருந்து அவள் தங்கை செலின் வந்திருந்தாள். காபி எஸ்டேட்டில் வேலை. அக்காவுக்காகக் கூலியை விட்டுவிட்டு வந்தவள். சமையல், துணி, ஜெனி என எல்லாம் அவள் கையில்தான்.

"மாமா, என்ற போன்லயும் ஒருக்கா பதிஞ்சுக்கட்டுங்களா?" என்று முதல் நாளே கேட்டாள்.

நான் சிரித்தேன். "போன்ல பதிஞ்சா தகரத்துல தட்டற மாதிரி இருக்கும் செலின். நடுவுல யாராவது கூப்பிட்டா எல்லாம் கெட்டுடும். ரெண்டு பேரும் போனை அணைச்சு வைங்க" என்றேன்.

அவள் அணைத்து வைத்தாள். என் கர்வத்தைப் பார்த்தீர்களா? மிஞ்சியிருக்க வேண்டிய ஒரே பிரதியையும் நானே தடுத்தேன்!

காலை வேளையில்தான் ரெஜினாவின் குரல் கொஞ்சம் தெளிவாக இருக்கும். மைக்கின் முன்னால் உட்கார்ந்து பேசுவாள். பெரிய பெரிய அறிவுரை எதுவும் இல்லை. "ஜெனி, செருப்புப் போட்டுக்கிட்டுப் போ சாமி, அட்டை ஏறிக்கும்." "தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு ஈரத்தோட நிக்காத." "கண்ணு, பரீட்சை கஷ்டமா இருந்துச்சா? போனாப் போகுது, வா சாப்பிடு." மகள் வளர வளர என்னென்ன சொல்ல வேண்டியிருக்குமோ, அத்தனையையும் யோசித்து யோசித்துச் சொன்னாள். ஒருநாள் ஜெனியின் கல்யாணத்துக்குச் சொல்ல வேண்டியதைத் தொடங்கி, முடிக்க முடியாமல் அழுதாள். செலின் அவள் பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அக்காளும் தங்கையும் எதையோ நினைத்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் பதிவாகிறது என்றுதான் நான் நம்பினேன்.

இரண்டாம் நாளே திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் போல ஒரு குறி வந்து வந்து போனது. மின்சாரம் போதவில்லை என்று அந்தக் கணினி கதறும் குறி அது.

"அதென்னங்க மின்னலு?" என்றாள் ரெஜினா.

"ஒண்ணுமில்ல. நீ பேசு."

அவள் பயப்படுகிறாளே என்று நான் என்ன செய்தேன் தெரியுமா? ஹப்பை மாற்றவில்லை. அந்தக் குறி திரையில் தெரியாதபடி செய்துவிட்டேன்! எச்சரிக்கையை அணைத்தேன், ஆபத்தை விட்டுவைத்தேன். ஹார்ட் டிஸ்க் அவ்வப்போது 'டிக்' என்று நின்று, மறுபடி சுற்றியது. அதையும் கேட்டேன். முதல் நாள் பதிவை ஓட்டிப் பார்த்ததோடு சரி. மற்ற நாள்களில் சரிபார்க்கவே இல்லை. திரையில் ஒலி அலை ஓடியது. அது போதும் என்றிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செலின் சட்னி அரைக்கும் முன் ஒவ்வொரு முறையும் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்பாள்: "மாமா, மிக்ஸி போடட்டுங்களா?" பதிவை நிறுத்திவிட்டு, "போடு" என்பேன். ஒரு நாள்கூட அவள் கேட்காமல் போட்டதில்லை.

அறுவை சிகிச்சை நடந்தது. ரெஜினா பிழைத்தாள். கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விட்டாள். அவள் மருத்துவமனையில் இருக்கும்போதே, பதிவுகளை ஒழுங்குபடுத்தி வைப்போமே என்று ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன்.

ஒன்றும் இல்லை.

கோப்புகளின் பெயர்கள் இருந்தன. உள்ளே வெறுமை. முதல் நாள் பதிவும் சிதைந்துபோயிருந்தது. ஒன்றிரண்டில் மட்டும் 'கிர்ர்' என்ற இரைச்சல்... சேலத்தில் அழிந்த தகவலை மீட்டுத் தரும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் முயன்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "அடாப்டர் இல்லாத ஹப்புல டிஸ்க்க மாட்டுனீங்களா? பவர் விட்டு விட்டு வந்து, எழுதினதெல்லாம் நாசமாயிருக்குதுங்க."

"ஆமாம்" என்றேன். நான் உண்மை சொன்னது அந்த அந்நியரிடம் மட்டும்தான்.

ரெஜினா வீடு திரும்பிய அன்று, கட்டிலில் சாய்ந்ததும் ஜெனியை மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். காதைத் தொட்டு, மேசையைக் காட்டினாள். ஓட்டுங்கள், கேட்கிறோம் என்பது அதன் பொருள்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்? அடுக்களையில் செலின், அக்காவுக்குக் குழாய் வழியாகக் கொடுக்க வேண்டிய கஞ்சியை மிக்ஸியில் அடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. என் வாய் தானாகத் திறந்தது.

"எல்லாம் போச்சு ரெஜினா. செலின் மிக்ஸி போட்டப்ப கரண்ட் ஆடி, டிஸ்க் கெட்டுப்போச்சு."

பேட்டரியில் ஓடிய கணினியை மிக்ஸி எப்படித் தொடும்? நீங்கள் கேட்பீர்கள். அந்த வீட்டில் கேட்க ஆள் இல்லையே!

மிக்ஸி நின்றது. செலின் வாசற்படியில் வந்து நின்றாள்.

"மாமா... நான் உங்களக் கேட்டுட்டுத்தானுங்களே போட்டேன்?"

"கேட்டியா? எனக்கு ஞாபகம் இல்லையே..."

முதல் பொய் பயத்தில் வந்தது என்றுகூட வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டாவது? இதற்கு என்ன பெயர் வைப்பது?

ரெஜினா தங்கையைப் பார்த்தாள். திட்ட அவளுக்குக் குரல் இல்லை. அழுதாலும் சத்தம் வரவில்லை. கழுத்துத் துளையில் காற்று மட்டும் சீறியது. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

செலின் இன்னும் சில நாள் இருந்தாள். கஞ்சியைக் கையாலேயே கரைத்து, துணியில் வடிகட்டிக் கொடுத்தாள். ரெஜினா அவள் முகத்தைப் பார்க்காமலே ஏற்றுக்கொண்டாள். "நான் ஊட்டுக்குப் போய்ட்டு வரேனுங்க அக்கா" என்று கிளம்பியபோதும் திரும்பவில்லை. மூடுபனியில் பஸ் ஏறிப் போனவள் அதன்பின் எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

மறு ஆண்டு நோய் திரும்பி வந்தது. கடைசி நாள்களில் ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தாள். செலின்... செலின்... எனக்குப் புரிந்தது. நன்றாகவே புரிந்தது! அவள் வந்தால் இருவரும் பேசிக்கொள்வார்கள், என் பொய் வெளியே வந்துவிடும் என்று நடுங்கினேன். புரியாதவன் போல, "தண்ணியா?" என்று கேட்டு உதட்டை நனைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தங்கையைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தாள்.

அடக்கத்துக்குச் செலின் வந்தாள். கூட்டம் விலகும்வரை ஓரமாக நின்றிருந்துவிட்டு, சவப்பெட்டியின் அருகே குனிந்தாள். நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன்.

"என்னய மன்னிச்சுரு அக்கா. உன்ற கொரல நான்தான் போக்கடிச்சுட்டேன்."

செய்யாத தப்புக்கு மன்னிப்பு! அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. துக்கத்தில் பேச்சற்று நிற்கிறேன் என்று நினைத்து யாரோ என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

ஜெனி இப்போது என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். அண்மையில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "அம்மா கொரல் எப்படிப்பா இருக்கும்?" பிறகு அவளே சொன்னாள்: "அதத்தான் சித்தி அழிச்சுட்டாங்களே! எனக்கு அவங்களப் பாக்கவே பிடிக்காது."

மறுநாள் வாழவந்திக்கு வண்டியை விட்டேன்.

செலின் களத்தில் காபிக் கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. "வாங்க மாமா, ஜெனி நல்லா இருக்குதுங்களா?" என்று கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஹப், மின்னல் குறி, பேட்டரி, சேலத்துக்காரர் சொன்னது, ரெஜினா கடைசியில் உதட்டசைத்துக் கேட்டது... ஒன்றையும் மறைக்கவில்லை.

செலின் அடிப்பாள், காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன். அதற்காகத்தான் போயிருந்தேன்.

"எனக்காவ இப்படிப் பொய் சொல்லாதீங்க மாமா" என்றாள்.

"பொய் இல்ல செலின்! சத்தியமா..."

"நான் சுச்சுப் போட்டப்போ லைட்டு மங்குச்சுங்க. என்ற கண்ணால பாத்தேன். அன்னைக்கே நெஞ்சு திக்குன்னு ஆச்சு. அக்கா கடைசியா என்னயத் தேடுச்சுன்னு சொல்றீங்களே, அதுவும் என்னயத் தேத்தறதுக்குத்தானுங்களே? நொம்ப நல்ல மனசுங்க உங்களுக்கு."

விளக்கு மங்கியது உண்மைதான். எந்த வீட்டில் மங்காது? அந்த விளக்குக்கும் என் கணினிக்கும் தொடர்பே இல்லை என்று மன்றாடினேன். "அதெல்லாம் எனக்கு வெளங்காதுங்க" என்று தலையாட்டினாள். இத்தனை வருடம் சுமந்தது அவளுக்குள் வேரோடிவிட்டது. திரும்ப வாங்கிக்கொள்ளப் போன என்னால் அதைப் பிடுங்க முடியவில்லை.

கிளம்பும்போது வண்டி அருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்: "ஜெனிகிட்ட இதச் சொல்லிராதீங்க மாமா. என்னய வெறுத்துட்டுப் போகட்டும். அதுக்கு இருக்கறது நீங்க ஒருத்தருதானுங்களே."

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஜெனி கதவைத் திறந்தாள்.

"எங்கப்பா போனீங்க, கடையும் பூட்டியிருந்துச்சு?"

செலினின் வார்த்தையைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு வசதியான கீழ்ப்படிதல்!

"கேமரா மாட்டப் போனேன் கண்ணு" என்றேன்.