குழந்தையின் தலையில் மூன்று கை தண்ணீர்

எங்கள் அண்ணன் அவர்கள் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரில் இரண்டு பக்கம் எழுதும்படி அண்ணி அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் எழுந்து பேசியதும் இல்லை. அப்படிப் பேசாமலே விட்ட ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

அண்ணன் அவர்கள் மருங்காபுரிக்குப் பக்கத்தில், மழையை நம்பி விதைக்கும் ஒரு சிற்றூரில் பிறந்தார்கள். அப்பா அங்கே சபை உபதேசியார். அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்குப் பத்து. அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு உறையூருக்கு வந்தார்கள். அண்ணன் ரயில்வே பட்டறையில் பாரம் தூக்கும் கலாசியாகச் சேர்ந்தார்கள். நான் சுருட்டுக் கம்பெனியில் சுருட்டு சுற்றப் போனேன். இன்றைக்கும் அதே வேலைதான்.

பட்டறையில் யாருக்காவது கை நசுங்கினால், அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லும் வேலையை அண்ணனிடம்தான் கொடுப்பார்கள். அழுகிற வீட்டில் எப்படி உட்கார வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

உடன் வேலை பார்த்த ஒருவர் அண்ணனை ஸ்ரீரங்கத்தில் ஒரு வாடகை வீட்டில் கூடும் விசுவாசிகளிடம் அழைத்துப் போனார். குழந்தைக்குத் தெளிக்கும் ஞானஸ்நானம் செல்லாது, ஒருவன் தானே விசுவாசித்துத் தண்ணீரில் மூழ்கி எடுப்பதுதான் செல்லும் என்பது அவர்கள் போதனை. அண்ணன் ஆறு மாதம் வேதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒரு ஞாயிறு காலை காவேரியில் இறங்கினார்கள். நான் துண்டை வைத்துக்கொண்டு படியில் நின்றேன்.

குளிக்க வந்த ஒரு வைஷ்ணவப் பெரியவர் என்னைப் பார்த்து, "என்னப்பா, கிறிஸ்தவாளும் காவேரிக்கு வந்துட்டேளா?" என்றார்.

"ஒரு முழுக்குதாங்க சாமி."

"ஒண்ணுதானா? நாங்க தினம் முங்கறோம், இன்னும் கரையேறின பாடில்லே" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

வீட்டில் அம்மா சிரிக்கவில்லை. "உங்கப்பா உன்னை ஏந்திட்டுப் போய் வாங்கிக் குடுத்த ஞானஸ்நானம் பொய்யாடா?"

"பொய்னு சொல்லலம்மா. எனக்குத் தெரியாம நடந்துச்சு. தெரியாம நடந்தது எப்படி என்னோடதாகும்?"

"நீ பொறந்தது உனக்குத் தெரிஞ்சா நடந்துச்சு?"

அண்ணன் எங்கள் சபையிலிருந்து தம் பெயரை எடுத்துவிட்டார்கள். என்னிடம், "சுருட்டு சுத்தற கையால கர்த்தரோட அப்பத்தைத் தொடக்கூடாது தம்பி, வேற வேலை பாரு" என்றார்கள். வேறு வேலை எனக்குத் தெரியாது.

கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து அண்ணனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லி அம்மா தினமும் கெஞ்சினார்கள். அவளே வளர்ந்து முடிவு செய்யட்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார்கள். எட்டாம் மாதம் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. டாக்டர் மருந்து கொடுத்தும் இறங்கவில்லை.

ஒரு நாள் மதியம் நான் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்தேன். அண்ணன் பட்டறையில் இருந்தார்கள். அம்மா கோயிலுக்கு ஜெபிக்கப் போயிருந்தார்கள். அண்ணி, "கொஞ்சம் பாத்துக்கங்க தம்பி" என்று குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனார்கள். சற்று நேரத்தில் பாப்பாவின் கண் மேலே செருகியது. சாகும் ஆபத்து வந்தால் போதகர் இல்லாமல் எந்த விசுவாசியும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், பிறகு போதகரிடம் சொன்னால் அவர் ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்வார் என்பது எங்கள் சபை வழக்கம். அப்பா எங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தார். பானையிலிருந்து தண்ணீர் எடுத்து, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரியேக நாமத்தைச் சொல்லி, மூன்று முறை பாப்பாவின் தலையில் ஊற்றினேன். அந்தக் குளிர்ச்சிக்குப் பாப்பா கண் திறந்து என்னைப் பார்த்தது.

அண்ணி வந்து குழந்தையைத் தூக்கினார்கள். "என்ன தம்பி, தலை ஈரமா இருக்கு? புகையிலை வாசம் வேற அடிக்குது."

"ரொம்பச் சுட்டுச்சு அண்ணி. தண்ணி தொட்டு வெச்சேன்."

மூன்றாம் நாள் பாப்பா இறந்துவிட்டது. அதற்குள் போதகரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் காதுக்குப் போய்விடுமே என்று பயந்து போகவில்லை.

அன்றிருந்த போதகர் கல்லான மனுஷர் அல்ல. "ரிஜிஸ்டர்ல பேர் இல்லையேம்மா, நான் என்ன செய்வேன்?" என்று அம்மாவிடம் கலங்கித்தான் சொன்னார். மணி அடிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, ஞானஸ்நானம் இல்லாதவர்களுக்கு விட்டிருந்த இடத்தில் குழி வெட்டினார்கள். அம்மா போதகரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், குழந்தை சுவருக்கு உள்ளே போயிருக்கும். அண்ணன் முகத்தைப் பார்த்தேன். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டேன்.

அதன்பின் அம்மா நான்கு வருடம் இருந்தார்கள். மாலை ஜெபம் முடிந்ததும், "அது மோட்ச வாசலுக்கு எந்தப் பக்கம் இருக்குதோ" என்று அழுவார்கள். அப்போதும் நான் சொல்லவில்லை. அம்மாவால் ரகசியம் காக்க முடியாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்த அழுகையோடுதான் அம்மா போனார்கள்.

போன வருடம் அண்ணன் நெஞ்சு நோயில் படுத்தார்கள். ஒரு காலை என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள்.

"நான் படிச்சது சரிதான் தம்பி. குழந்தைக்கு அது தேவையில்ல. இப்பவும் அப்படித்தான் நம்பறேன். ஆனா அம்மாவை அழ விட்டுட்டேன். அன்னைக்கு யாராச்சும் என்னைக் கேக்காம பாப்பா தலையில தண்ணி ஊத்தியிருந்தா என்ன செஞ்சிருப்பேன்? ஒரு மாசம் அவங்களோட பேசியிருக்க மாட்டேன்."

"அப்புறம் அண்ணே?"

"அப்புறம் பேசியிருப்பேன்."

நான் சொன்னது இதுதான்: "கஞ்சி ஆறிடும், குடிங்க அண்ணே."

இரண்டு நாளில் அண்ணன் கண் மூடினார்கள். விரும்பியபடியே சுவருக்கு வெளியே பாப்பாவின் பக்கத்தில் அடக்கம் செய்தோம். ஸ்ரீரங்கத்துச் சகோதரர்கள் குழியருகே ஜெபித்தார்கள். எங்கள் சபையார் சுவருக்கு உள்பக்கம் நின்று பார்த்தார்கள்.

சென்ற மாதம் இப்போதைய போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரிஜிஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டு, "சாட்சி உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "விசுவாசத்துல செஞ்சீங்களா, பயத்துலயா?" என்றார். "பயத்துலதாங்க ஐயா" என்றேன். அவர் ரிஜிஸ்டரை மூடிவிட்டார்.

அண்ணனின் போதனைப்படி நான் செய்தது ஒன்றுமே இல்லை. அம்மாவின் போதனைப்படி அதுதான் எல்லாம், அதை நான் ஒளித்துவிட்டேன். இருவரும் தாங்கள் நம்பியதை வாய்விட்டுச் சொன்னார்கள், அதற்காக அழுதார்கள். எது சரி என்று எனக்கு இன்றும் தெரியாது. இரவோ பகலோ ஜெபிக்க முழங்கால் போட்டால் வார்த்தை வருவதில்லை. கையிலிருக்கும் புகையிலை வாசம்தான் வருகிறது.

அண்ணனைத் தோளில் சுமந்த பட்டறை நண்பர்களுக்கும், கடைசிவரை வீடு தேடி வந்த டாக்டருக்கும், ஸ்ரீரங்கத்துச் சகோதரர்களுக்கும், சுவருக்கு உள்ளே நின்றாலும் மூன்று நாள் எங்களுக்குச் சோறு அனுப்பிய சபையாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணி அவர்களே, அச்சுக்குக் கொடுக்குமுன் இதை உங்களிடம் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. மற்றவர்களோடுதான் நீங்களும் படிப்பீர்கள். அன்று மதியம் பாப்பாவின் தலையில் நீங்கள் முகர்ந்த வாசம் நினைவிருந்தால், போதகரிடம் போய் அதையே சாட்சியாகச் சொல்லுங்கள். நினைவில்லை என்றால் யாரும் எதுவும் செய்ய முடியாது. எப்படியானாலும் அண்ணன் சொன்ன அந்த ஒரு மாதம் என்னோடு பேச வேண்டாம். அதற்கு அப்புறம் பேசுவது உங்கள் இஷ்டம்.