கவிழாத ஏழு ஞாயிறுகள்

சம்சூரி மலேசியாவின் தைப்பிங்கில் இருபத்தாறு வருடம் பள்ளி வேன் ஓட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், விடிவதற்கு முன்னால் எழுந்து போகிறவனை எவள் கட்டிக்கொள்வாள் என்று சிரித்துவிடுவார். உண்மையில் ஒருத்தியைக் கேட்டு, அவள் முடியாது என்று சொல்லி, அதற்குப் பிறகு இன்னொருத்தியைக் கேட்கத் துணிவு வரவில்லை. அவ்வளவுதான் கதை.

திங்கள் முதல் வெள்ளி வரை வேன் நிறையக் கூச்சல். ஆறு வருடம் ஏறி இறங்கிய பிள்ளை, படிப்பு முடிந்த மறு வருடமே சந்தையில் எதிரே வந்தால் பார்த்தும் பாராத மாதிரிப் போய்விடும். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. வேன்காரரின் பின்மண்டையைத்தானே அதுகள் பார்த்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மனுஷன் செத்தார். வேனை ஒரு தடவை கழுவுவார். மத்தியானம் மழை வந்து நனைத்ததும் மறுபடி துடைப்பார். தைப்பிங்கில் மழைக்கா பஞ்சம்?

அப்படி ஒரு ஞாயிறன்று பழைய சாமான் சந்தையில் ஒரு ரிமோட் கார் வாங்கினார். முழங்கை நீளம். முன்சக்கரம் ஒன்று முறிந்து தொங்கியது, பேட்டரி இல்லை. கையில் ஏதாவது வேலை இருக்கட்டும் என்றுதான் வாங்கினார். அதைச் சரிசெய்யப் போன இடத்தில் யூ சுவானைப் பிடித்தார், அல்லது யூ சுவான் இவரைப் பிடித்தான்.

யூ சுவான் சந்தைக்குப் பின்னால் ரிமோட் கார்க் கடை வைத்திருப்பவன். ஐம்பது வயது, வாயில் இனிப்பே கிடையாது. காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதைச் சரிசெய்வதைவிடக் குப்பையில் போடலாம் என்றான். ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டான். அடுத்த சனிக்கிழமை போனபோது கார் புத்தம் புதிதாக மேசைமேல் நின்றது.

"நாளைக்கு மூணு மணிக்குக் கமுந்திங் கொட்டகைக்கு வாங்க பாக் சம். அங்கதான் இதைத் தருவேன்," என்றான் யூ சுவான். அங்கே பெரியவர்களைப் பாக் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இங்கயே குடேன், தவுக்கே," என்று கடை முதலாளியிடம் கெஞ்சினார் சம்சூரி.

"தரமாட்டேன் லா."

பக்கத்து ஊரான கமுந்திங்கில் மூடிப்போன ஓட்டுத் தொழிற்சாலையின் தகரக் கொட்டகையில்தான் அவர்கள் ஓட்டுவார்கள். தரையில் பலகை அடித்து வளைவு வளைவாகப் பாதை. ஓரத்தில் ஆளுயர மேடை. ஆறு பேர் மேடையில் நின்று ஓட்டும்போது, போன சுற்றில் ஓட்டி முடித்த ஆறு பேர் பாதைக்குள் ஆளுக்கொரு மூலையில் நிற்கவேண்டும். கார் கவிழ்ந்தால் ஓடிப்போய் நிமிர்த்திவிடுவது அவர்கள் வேலை. ஓட்டினவன் தூக்கணும் என்று சுவரில் சிவப்புச் சாயத்தில் எழுதியே வைத்திருந்தார்கள். வங்கி மேலாளரானாலும் மீன் விற்கிறவனானாலும் இதில் தள்ளுபடி இல்லை.

முதல் நாள் முதல் வளைவிலேயே சம்சூரியின் கார் குப்புறக் கவிழ்ந்தது. போதும் இந்த மானக்கேடு, எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று மேடையை விட்டு இறங்கப் போனார். அதற்குள் தூடோங் முக்காடு கட்டிய ஒரு பெண் ஓடிவந்து காரைத் திருப்பி வைத்துவிட்டு, இவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் மூலைக்குப் போய் நின்றாள். ரொஸ்னானி என்று பெயர், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலை. அன்று ஒன்பது தடவை கவிழ்ந்தது. ஒன்பது தடவையும் யாராவது ஓடிவந்தார்கள். அன்று வீட்டுக்குப் போய்க் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு சம்சூரி அழுதார். கவிழ்ந்தால் தூக்கிவிட ஆள் உண்டு என்பதை ஒரு மனுஷன் ஐம்பத்தைந்து வயதிலா தெரிந்துகொள்ளவேண்டும்?

அதற்குப் பிறகு ஆறு வருடம் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. மத்தியான லுஹர் தொழுதுவிட்டு நேரே கொட்டகைக்குப் போய்விடுவார். காருக்குத் தன் வேன் மாதிரியே மஞ்சள் அடித்து இடுப்பில் கறுப்புக் கோடு போட்டார். அது கிளம்பினாலே, பள்ளிக்கூட வேன் வருது, புள்ளைங்க இறங்குது, ஒதுங்குங்க என்று மேடையில் கேலி ஆரம்பமாகிவிடும். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால் நாலு கை நீளும். நோன்புப் பெருநாளுக்கு அவர் வீட்டுக்கு இருபது பேர் வந்தார்கள். உட்காரப் போதுமான நாற்காலி அந்த வீட்டில் இல்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது.

பிறகு வலது கையில் நடுக்கம் வந்தது.

ரிமோட்டை இடது கையில் பிடித்து, அந்தக் கை விரலால் வேகவிசையை இழுத்து, பக்கத்திலிருக்கிற சின்னச் சக்கரத்தை வலது கை விரலால் திருப்பித்தான் காரை வளைப்பார்கள். விரல் கொஞ்சம் அசைந்தாலும் கார் கேட்கும். நேர்ப்பாதையில் அவருடைய மஞ்சள் கார் குடித்தவன் மாதிரித் தள்ளாடத் தொடங்கியது, வளைவுக்கு வளைவு கவிழ்ந்தது. டயர் தேய்ந்துவிட்டது என்றார். டயர் மாற்றினார்கள். ஸ்குரு கழன்றிருக்கும் என்றார். முடுக்கினார்கள். கடைசியில் மழையில் நனைந்துகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனார். நடுக்கவாதம், இப்போதுதான் ஆரம்பம் என்று டாக்டர் சொன்னார். மூன்று மாதம் மாத்திரை சாப்பிடுங்கள், பிறகு பார்க்கலாம், அதுவரை பிள்ளைகளை ஏற்றி வேன் ஓட்டக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

வேனும் வேறொரு ஓட்டுநர் கைக்குப் போனது. பிள்ளைகளின் தாய்மார்களிடம் கொஞ்ச நாள் விடுமுறை என்று சொல்லி வைத்தார். வாரத்தின் ஐந்து நாளும் பழைய ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஆகிவிட்டன. வேன் திரும்பக் கிடைக்காவிட்டால் இப்படியேதான் மிச்ச காலமும் என்பது அவருக்குத் தெரியும்.

ஆகவே தனக்குத்தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார். கொட்டகையின் நேர்ப்பாதையில் ஒரு வெள்ளைக்கோடு உண்டு. அந்தக் கோட்டின்மேல் கார் பிசகாமல் ஓடினால் கை குணமாகிவிட்டது என்று அர்த்தம். டாக்டர் ஊசி குத்திப் பார்க்கிறார், தட்டிப் பார்க்கிறார், மனுஷனிடம் கேட்டுப் பார்க்கிறார். கார் பொய் சொல்லாது. அதுதான் அவர் கணக்கு.

முதல் வாரம் தள்ளாட்டம் கொஞ்சம் குறைந்தது. இரண்டாவது வாரம் இன்னும் குறைந்தது. ஐந்தாவது வாரம் மஞ்சள் கார் கோட்டின்மேல் நூல் பிடித்த மாதிரி ஓடியது. ஏழு ஞாயிறு ஒரு தடவைகூடக் கவிழவில்லை. மாத்திரை வேலை செய்கிறது, அல்ஹம்துலில்லாஹ் என்று சம்சூரி பூரித்துப்போனார். வீட்டில் தேநீர்க் கோப்பை தட்டில் கடகடவென்று ஆடத்தான் செய்தது. பழைய கோப்பை, அடி சரியில்லை என்று வேறு கோப்பை வாங்கினார். சட்டைப் பொத்தான் போடக் கால்மணி நேரம் ஆனது. தையல்காரன் துளையைச் சின்னதாகப் போட்டுவிட்டான் என்று அவனைத் திட்டினார். நம்பவேண்டும் என்று முடிவுகட்டியவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்!

அவருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. எல்லாருடைய கார்ப் பைகளும் வாரம் முழுக்க யூ சுவான் கடையில்தான் கிடக்கும், அங்கேதான் பேட்டரி ஏற்றுவார்கள். ரிமோட்டுக்குள் ஓர் அமைப்பு உண்டு. சக்கரத்தின் சின்ன அசைவுகளைக் கார் கண்டுகொள்ளாமல், பெரிதாகத் திருப்பினால் மட்டும் கேட்கிற மாதிரி வைக்கலாம். யூ சுவான் ஒவ்வொரு வாரமும் சம்சூரியின் ரிமோட்டில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வைத்தான். அவர் கை நடுங்கத்தான் நடுங்கியது. கார் கேட்காமலிருக்க அவன் பழக்கிவிட்டான். கொட்டகையில் எல்லாருக்கும் இது தெரியும். கிழவர் சந்தோஷமாக இருக்கட்டுமே என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். இரக்கம் பொல்லாதது ஐயா, அதற்குக் கண் தெரிவதே இல்லை.

எட்டாவது ஞாயிறு சம்சூரி இரண்டு தட்டு நிறையக் குவே பலகாரம் வாங்கிக்கொண்டு வந்தார். நாளைக்குப் பள்ளி திறக்கிறது, வேனைத் திரும்ப வாங்கிவிட்டேன், தாய்மார்களிடம் சொல்லிவிட்டேன், பதினோரு பிள்ளைகள், காலையிலிருந்து நானே ஓட்டப்போகிறேன் என்றார். பலகாரத்துக்கு நீண்ட கைகள் அப்படியே நின்றன.

பாக் சு, அதாவது சின்ன மாமா என்றுதான் ரொஸ்னானி அவரைக் கூப்பிடுவாள். அவள்தான் மெதுவாகக் கேட்டாள்.

"டாக்டர் பார்த்துட்டாரா பாக் சு? இன்னும் ஒரு மாசம் இருக்கே."

"டாக்டருக்கு என்னம்மா தெரியும்? கார்தான் சொல்லுதே. நீயே பார்க்கலையா, ஏழு வாரமா கவுந்துச்சா?"

அவள் யூ சுவானைப் பார்த்தாள். யூ சுவான் தரையைப் பார்த்தான்.

அன்றைய சுற்றுகள் முடிந்து ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. யூ சுவான் மட்டும் பைகளைக் கட்டாமல் நின்றான். சம்சூரியின் ரிமோட்டைக் கையில் எடுத்தான், பொத்தான்களை அழுத்தினான், திருப்பிக் கொடுத்தான். ஒரே ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள் என்றான். கடைசியாக ஒரு தடவை தன் திறமையைப் பார்க்க ஆசைப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டு சம்சூரி உற்சாகமாக மேடையேறினார்.

அதே கார், அதே கை. வெள்ளைக்கோட்டில் கார் இடமும் வலமும் அடித்துக்கொண்டு போனது. டயரில் ஈரம் என்றார். அடுத்த வளைவில் பலகையில் மோதிக் குப்புற விழுந்தது. பாதைக்குள் யாரும் இல்லை. சக்கரங்கள் ஆகாயத்தைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தன. வேகவிசையிலிருந்து அவர் விரலை எடுக்க மறந்திருந்தார்.

"என்ன செஞ்சே?" என்று கேட்டார்.

யூ சுவான் எல்லாவற்றையும் சொன்னான். எத்தனை வாரமாக, எவ்வளவு, எப்படி என்று ஒன்று விடாமல் சொன்னான். சம்சூரி மேடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கம்பியோடு சேர்ந்து மேடைத் தகரமும் அதிர்ந்தது.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"எல்லாரும் சேர்ந்து என்னைப் பொம்மையாக்கிட்டீங்க. நாளைக்குப் பதினோரு புள்ளைங்கடா. நீ சொல்லாம விட்டிருந்தா?"

யூ சுவான் சொன்னான்.

"வாராவாரம் கவுந்து கவுந்து உங்க மூஞ்சி போன போக்கு... பார்க்க முடியல பாக் சம். ஒரு வாரமாச்சும் கவுறாம இருக்கட்டும்னுதான் ஆரம்பிச்சேன். அப்புறம் நிறுத்தத் தெரியல."

சம்சூரி கம்பியை விட்டார். கீழே இறங்கி, தகரத்தில் மழை அடிக்கிற அந்த இரைச்சலில், கைப்பேசியை எடுத்துத் தாய்மார்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முதல் மூன்று பேரிடம் வேன் பழுது என்றார். நாலாவது பெண், அப்படியானால் எப்போது சரியாகும், எனக்கு ஆபீஸ் இருக்கிறதே என்று கேட்டாள். அவர் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு, "வேன் நல்லாத்தான் இருக்கும்மா. என் கைதான் சரியில்ல. இனிமே சரியாகாது," என்றார். அப்படிச் சொன்ன பிறகு, முதல் மூன்று பேரையும் மறுபடி கூப்பிட்டு அதையே சொன்னார்.

வேனை அந்த மாற்று ஓட்டுநருக்கே விற்றார். தினமும் காலை அவர் வீட்டுத் தெருவழியாகத்தான் அது போகும். பார்க்காமலே ஹாரன் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வார். அப்போதெல்லாம் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்.

மூன்று ஞாயிறு கொட்டகைக்குப் போகவில்லை. நாலாவது ஞாயிறு ரொஸ்னானி தன் நிஜக் காரோடு வாசலில் வந்து நின்றாள். சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. "பாதைக்குள்ள ஆள் பத்தல பாக் சு. கார் கவுந்தா அப்படியே கிடக்குது. வாங்க," என்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வருவதற்குக் கால்மணி நேரம் ஆயிற்று. அவள் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தாள்.

கொட்டகையில் யூ சுவான் அவர் பையை நீட்டினான். சம்சூரி அவன் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"ரிமோட் எப்படி இருக்கு?"

"அன்னைக்கு வச்ச மாதிரிதான். ஒண்ணும் தொடல."

"தொடாதே. என் கை எப்படிப் போகுதோ அப்படியே போகட்டும்."

ஓட்டினார். மஞ்சள் கார் பாதை முழுக்கத் தள்ளாடியது. கவிழ்ந்தது, தூக்கினார்கள், மறுபடி கவிழ்ந்தது. மேடையில் கேலி பண்ண ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. "ஏன்டா, பள்ளிக்கூட வேன் வருதுன்னு யாரும் சொல்லமாட்டீங்களா?" என்று அவரே கேட்டார். ஒருவன் சொன்னான். சரியாகச் சிரிக்க வரவில்லை, இருந்தாலும் சிரித்தார்கள். அந்தச் சுற்றில் அவர் கடைசியாகத்தான் வந்தார்.

அடுத்த சுற்றுக்குப் பாதைக்குள் போகப் பார்த்தபோது யூ சுவான் குறுக்கே வந்தான், நீங்கள் உட்காருங்கள் என்றான். சம்சூரி சுவரிலிருந்த சிவப்பு எழுத்தைக் காட்டிவிட்டு இறங்கி, மூலையில் போய் நின்றார்.

கடைசிச் சுற்று. ரொஸ்னானியின் கார்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தது, இன்னும் ஒரு வளைவுதான் மிச்சம். அந்த வளைவில் பலகை தட்டி, சம்சூரியின் காலடியில் வந்து கவிழ்ந்தது. குனிந்தார். வலது கை காரைப் பிடிக்கப் போய் வழுக்கியது. மறுபடி பிடித்தார், மறுபடி வழுக்கியது. பின்னால் வந்த கார் தாண்டிப் போனது. அதற்குப் பின்னால் வந்ததும் போனது. பக்கத்து மூலையில் நின்றவன் இரண்டு எட்டில் வந்து தூக்கியிருக்கலாம். அவன் மேடையைப் பார்த்தான். ரொஸ்னானி தலையை அசைத்து வேண்டாம் என்றாள். அவன் நின்ற இடத்திலேயே நின்றான். அவள் தன் ரிமோட்டிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

சம்சூரி தரையில் மண்டியிட்டார். நடுங்குகிற வலது கையை இடது கையால் அழுத்திப் பிடித்து, இரண்டு கையாலும் காரைப் புரட்டி, போகவேண்டிய பக்கம் பார்த்து வைத்தார்.

"போம்மா," என்றார்.