தூங்கும் கணினியை எழுப்புகிறவர்

"கையை எடுங்க சார்" என்றபடியே கவிதா என் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். மேஜை டிராயரிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, மெரூன் நிறத்தில் ஒன்றைப் பிய்த்து, பவர் பட்டன் மேல் ஒட்டுகிறார். பொட்டு வைத்த மிஷினை அவரைத் தவிர யாரும் ஆன் பண்ணக் கூடாது. கடையில் வேறு ஆளே கிடையாது. ஆக, இந்தச் சட்டம் முழுக்க முழுக்க என்னைப் போன்ற அவசரக்குடுக்கைகளுக்காகப் போட்டதுதான்.

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டோரம், பேக்கரிக்கும் செருப்புக் கடைக்கும் இடையில் இருக்கிறது கடை. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், கம்ப்யூட்டர் ரிப்பேர் எல்லாம் உண்டு. கவிதா தினமும் தொண்டூரிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறார். வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி, வாடிக்கையாளர் உட்காரும் ஒரே நாற்காலியில் வைத்துவிடுவார். உட்கார வேண்டுமென்றால் கேட்டுத்தான் உட்கார வேண்டும். டீயை ஆறிப்போன பிறகுதான் குடிப்பார். ஏனென்று கேட்டால், சூடாக் குடிக்க எனக்கு எங்க சார் நேரம் என்பார். அவர் சும்மா உட்கார்ந்து டீயை வேடிக்கை பார்ப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

எந்த மிஷின் வந்தாலும் முதலில், "கடைசியா இன்னா பண்ணீங்க?" என்றுதான் கேட்பார். வருகிறவர்கள் எல்லோரும், ஒண்ணும் பண்ணலீங்க என்றே சொல்வார்கள். "இந்தத் தாலுகாவுல யாரும் எதுவும் பண்றதே இல்ல சார். மிஷின்தான் தானா கெட்டுப்போவுது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அதே கேள்வியை மறுபடி கேட்பார். பதில் வராமல் மிஷினைத் தொட மாட்டார். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு பட்டனை அமுக்க இவ்வளவு விசாரணையா என்று சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

அனந்தபுரத்து அமலோற்பவம் வந்த அன்று நான் அங்கேதான் இருந்தேன். அந்த அம்மாள் ஒரு பழைய லேப்டாப்பைத் தலையணை உறையில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். மகள் ஜாஸ்மினுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்தது. மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் பாட்டுக் கேட்க வைத்திருக்கிறார்கள். பின்னாலேயே கணவர் ஆல்பர்ட் வந்தார். மினி பஸ் கண்டக்டர். கூட்டேரிப்பட்டு ரோட்டில் அவர் விசிலே ஊதியதில்லை. "போலாம் ரைட்" என்று ஒரு குரல் கொடுத்தால் பஸ் கிளம்பிவிடும். இப்போது கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். தொண்டையில் புற்றுநோய் வந்து, புதுச்சேரியில் ஆபரேஷன் செய்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அவர் கேட்காமலே கவிதா ஹெல்மெட்டை எடுத்துவிட்டு அவரை உட்கார வைத்தார்.

கேள்வி வந்தது. இந்த முறை அமலோற்பவத்திடமிருந்து பதிலும் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தைய சாயங்காலம், இனிமேல் பேச முடியாது என்று தெரிந்து, ஆல்பர்ட் இந்த மிஷினில் ரெக்கார்டிங்கைப் போட்டு, பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். நடுவில் கரண்ட் போய்விட்டது. பேட்டரி தீரத் தீர, மிஷின் திறந்திருந்ததையெல்லாம் அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத் தானாகத் தூங்கிப்போனது. பேசியதை அவர் சேமிக்கவில்லை. சேமிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. அதற்கப்புறம் மிஷினை யாரும் ஆன் பண்ணவில்லை.

"அதுக்கு முன்னாடி ஏதாச்சும் பண்ணீங்களா அக்கா?"

"அப்டேட் போட்டேன் பாப்பா. நீதான சொல்லுவ, வந்தா உடனே போட்டுடணும்னு. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டப் பெருக்கி வெக்கிறதில்லயா, அப்படி நெனச்சிப் போட்டேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லிச்சு. அவரு பேச உக்காந்துட்டாரு, நான் வுட்டுட்டேன்."

கவிதாவின் முகம் மாறிவிட்டது. அந்த மிஷின் இழுத்துக்கொண்டு கிடந்ததென்று அதில் லினக்ஸ் என்கிற வேறு சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்ததும் அவர்தான், அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்புவதும் அவர்தான். அந்தச் சொல்லைத் தட்டாமல் அமலோற்பவம் செய்திருக்கிறார். கவிதா பொட்டு அட்டையை எடுத்து, ஒன்றைப் பிய்த்து, பவர் பட்டன் மேல் அழுத்தி ஒட்டினார்.

ஆன் பண்ணினால் வந்துவிடாதா என்று அமலோற்பவம் கேட்டார். நானும் அதையேதான் நினைத்தேன். கவிதா பொறுமையாகச் சொன்னார்:

"ராத்திரி கட்டில் எங்க, பீரோ எங்கன்னு மனசுல வெச்சிக்கினுதான அக்கா தூங்கறோம்? நடுவுல யாரோ வந்து எல்லாத்தயும் நகத்தி வெச்சிட்டா, எழுந்து இருட்டுல நடந்தா மண்ட ஒடையும். இதுவும் அதான். தூங்கப் போனது பழைய சிஸ்டம். இப்ப பட்டன அமுக்கினா எழுந்து வர்றது புதுசு. அதுக்குப் பழசு மனசுல வெச்சிருந்தது புரியாது. தூக்கிப் போட்டுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிச்சிடும்."

தூக்கிப் போட்டுவிடும் என்பதைக் கேட்டதும் அந்த அம்மாள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆல்பர்ட் பரவாயில்லை என்பதுபோல் தலையசைத்தார். பரவாயில்லையாம்!

நல்லவேளையாக, அப்டேட் புதுசைக் கொண்டுவந்து வைத்ததே தவிரப் பழசை அழிக்கவில்லை. பழசையே கூப்பிட்டு எழுப்பினால் அது தன் நினைவோடு எழும். கவிதா அதற்கும் அவசரப்படவில்லை. லேப்டாப்பின் முதுகைத் திறந்து ஹார்டு டிஸ்கை வெளியே எடுத்து, அதிலிருந்த மொத்தத்தையும் இன்னொரு டிஸ்கில் அப்படியே பிரதி எடுக்கப் போட்டார். முதலில் பிரதியை வைத்து எழுப்பிப் பார்ப்பது, சொதப்பினால் அசல் பத்திரமாக இருக்கும், இதுதான் கணக்கு. பிரதி ஊர்ந்து ஊர்ந்து ஏறியது. இடையில் ஜெராக்ஸுக்கு வந்தவர்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். அமலோற்பவத்துக்கு வாங்கி வந்த டீயும் ஆறிப்போனது. ஆல்பர்ட் மட்டும் நாற்காலியில் சாய்ந்து ரோட்டில் போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரதி முடிந்ததும் அசலைத் துணியில் சுற்றி டிராயரில் வைத்துப் பூட்டினார். பிரதியை உள்ளே மாட்டி, பொட்டை உரித்து, கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்தார். கறுப்புத் திரையில் பட்டியல் ஒன்று வந்தது. மேலே புதுசு, கீழே பழசு. விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் படித்துவிட்டுக் கீழே இறங்கி, பழசைத் தேர்ந்தெடுத்தார். "மெதுவா, மெதுவா" என்று முணுமுணுத்தார். திரை இருண்டே கிடந்தது. இனிமேல் எழாது என்று நான் நினைத்தபோது, வேளாங்கண்ணி மாதா படம் தெரிந்தது. அதன் மேல், நிறுத்திய இடத்திலேயே, ரெக்கார்டிங் ஜன்னல் திறந்திருந்தது.

கவிதா முதலில் அதைச் சேமித்தார். பென் டிரைவில் ஒன்று போட்டார், தன் மிஷினில் ஒன்று போட்டார். அதற்குப் பிறகுதான் ஓட விட்டார்.

கொஞ்ச நேரம் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு, கூட்டேரிப்பட்டு ரோட்டுக்கே தெரிந்த அந்தக் குரல், சத்தத்தைக் குறைத்துக்கொண்டு பேசியது.

"அமலம், சாப்டியா? எனக்குத் தெரியும், நான் ஊட்ல இல்லன்னா டீயக் குடிச்சிட்டுப் படுத்துக்குவ."

அமலோற்பவம் மிஷினைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆல்பர்ட்டைப் பார்த்து, "இன்னும் இல்லீங்க" என்றார்.

கவிதா எழுந்து என் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, வெயிலில் படியில் உட்கார்ந்தார். உள்ளே குரல் போய்க்கொண்டே இருந்தது. ஆதார் அட்டையோடு ஒருவர் ஜெராக்ஸ் எடுக்க வந்தார்.

"கரண்ட் இல்லண்ணா. அப்பறம் வாங்க" என்றார் கவிதா.

அவர் தலைக்கு நேர்மேலே, கடைப் பெயர்ப் பலகையில் சிவப்பு விளக்கு எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. வந்தவர் பலகையையும் கவிதாவையும் மாறி மாறிப் பார்த்தார். கவிதா எழுந்தார். ஷட்டர் ஓரத்தில் இருந்த பலகையின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மறுபடியும் படியில் வந்து உட்கார்ந்துகொண்டார்.