கடைசியாக வெட்டிய கண்

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை. பேய் என்றால் நள்ளிரவு, நாய் ஊளை, கொலுசுச் சத்தம் என்று எதிர்பார்க்கிறவர்களும் போகலாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில், மண்டையைப் பிளக்கும் வெயிலில்.

1957, ஆகஸ்டு மாதம். காஜா பேராங்கில் எங்கள் இளைஞர் மன்றம் மெர்டேக்காவுக்காக, அதாவது நாட்டின் விடுதலை நாளுக்காக, ஒரு படக் கண்காட்சி வைக்க இருந்தது. நான் லினோலியத்தில் படம் செதுக்கி, மை தடவி, தாளில் அச்செடுப்பவன். தரைக்குப் போடுகிற அதே லினோலியம்தான். செதுக்கிய இடம் வெள்ளையாக விழும், விட்ட இடம் கறுப்பாக விழும். செதுக்கியது செதுக்கியதுதான், திரும்ப ஒட்ட வழியில்லை.

ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு பழைய சாமான் கடையில் படச்சட்டம் ஒன்று வாங்கினேன். உள்ளே யாரோ ஒரு தம்பதியின் புகைப்படம் அப்படியே இருந்தது. நாற்காலியில் மனைவி. பின்னால் நின்ற கணவர் அவள் இரண்டு தோள்களையும் பிடித்திருந்தார். அந்தப் பெண்ணின் கண்கள் இருக்கின்றனவே... அகல விரிந்து என்னையே பார்த்தன. புது நாடு இப்படித்தான் விழித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அந்த முகத்தையே செதுக்க உட்கார்ந்தேன்.

உருவம் செய்கிறவர்கள் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். அப்போது எதிரே ஆள் நிற்கக் கூடாது. முதல் பார்வை கண்ணாடியிலோ பசுமாட்டின் மீதோ விழ வேண்டும் என்பது வழக்கம். என் மனைவி சிவகாமசுந்தரி இதையெல்லாம் நம்புகிறவள்.

"கண்ணாடி எடுத்தாரட்டுங்களா?"

"தரையில போடுற சாமானுக்குக் கண் திறப்பா? போய்க் கோப்பி கலக்கு, சுந்தரி."

மத்தியானம் மூன்று மணி. இரண்டாவது கண்ணின் கடைசிச் சீவல் சுருண்டு விழுந்தது. நிமிர்ந்தேன். மேசைக்கு எதிரே சுந்தரி நின்றிருந்தாள். கையில் கோப்பி. குனிந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னையே பாக்குறாங்க..." என்றாள். கோப்பியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மை தடவினேன். தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தேன். உரித்தேன். சர்ர்ர்...

தாளில் கண்கள் மூடியிருந்தன.

மை அதிகமாகிவிட்டது போலிருக்கிறது என்று துடைத்தேன். லினோவில் கண்கள் திறந்தே இருந்தன. மறுபடி எடுத்தேன். இமை கொஞ்சம் தூக்கியிருந்தது. மூன்றாவது தாளில் பாதி திறந்திருந்தது.

"ஏங்க... கரண்டு போச்சா?"

அடுப்படியிலிருந்து சுந்தரி. அங்கே முழுக்க வெயில்.

"இல்லையே."

"இருட்டிக்கிட்டு வருதுங்க... மழையா?"

ஓடினேன். குழாயடியில் நின்றாள். அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டினேன். இமைக்கவில்லை.

முன்னறையில்... சர்ர்ர்...

தாள் உரியும் சத்தம்.

போய்ப் பார்த்தேன். யாருமில்லை. லினோவின் மேல் நான் வைக்காத தாள் ஒன்று, ஓரம் தூக்கி ஆடியது.

அதில் கண்கள் முழுதாகத் திறந்திருந்தன. அடுப்படிப் பக்கம் பார்த்தன.

மெழுகை உருக்கி லினோவின் கண்களை அடைத்தேன். அச்செடுத்தேன்.

திறந்திருந்தன.

லினோவையும் தாள்களையும் கொளுத்தினேன். எல்லாம் கருகியது.

"இப்பத் தெரியுதா, சுந்தரி? இப்ப?"

"இல்லைங்க..."

அழுதேன். வேறென்ன செய்வது?

ஆஸ்பத்திரியில் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். மெர்டேக்கா வாணவேடிக்கையின்போது "என்ன கலருங்க?" என்று கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

சாமான் கடைக்காரரைப் பிடித்து விசாரித்தேன். அந்தச் சட்டம் புக்கிட் ரம்பாயில் இருக்கும் கருணாகரன் என்ற பழைய போட்டோக்காரர் வீட்டிலிருந்து வந்ததாம். ஏதாவது வழி சொல்வார் என்று சுந்தரிக்கு ஒரே நம்பிக்கை. நானும் வருவேன் என்று அடம்பிடித்தாள். அவளை வாடகைக் காரிலேயே உட்கார வைத்துவிட்டு, நான் மட்டும் போய்க் கதவைத் தட்டினேன்.

நான் நீட்டிய புகைப்படத்தை அவர் கையில் வாங்கவே இல்லை.

"அந்தப் பொண்ணு செத்த பெறகு உட்கார வெச்சு எடுத்தது தம்பி. புருசன் பிடிக்கலன்னா சாஞ்சிடும். கண்ணு மூடியிருந்துச்சு. தெறந்த மாதிரி வரைஞ்சு குடுங்கன்னு அழுதாரு. வரைஞ்சேன். பாத்துட்டு பயந்து, வாங்காமலே போயிட்டாரு."

"யார் கண்ணைப் பாத்து வரைஞ்சீங்க?"

"என் வீட்டுக்காரிய எதிர்ல உட்கார வெச்சு..."

அவருக்குப் பின்னால் ஒரு அம்மாள் சுவரைத் தடவித் தடவி வந்து நின்றார். பார்வை எங்கோ இருந்தது.

"எத்தன வருசமா இப்படி?" என்று கேட்டேன்.

"சப்பான்காரன் வர்றதுக்கு முந்தியிலேருந்து."

காருக்குத் திரும்பினேன். என் காலடிச் சத்தம் கேட்டு சுந்தரி முகத்தைத் திருப்பினாள்.

"என்னங்க சொன்னாரு? சரியாயிடுமாங்க?"

சரியாகிவிடும் என்றேன்.