சுடலைமுத்து மாமாவும் சிட்டுவின் மத்தியானச் சாப்பாடும்

சுடலைமுத்து மாமா இறந்துவிட்டார்.

நேற்றுக் காலையில் கடை வாசலில் தண்ணீர் தெளிக்கும்போது நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாராம்... ஜீப்பில் ஏற்றி மூணாறு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சூரியநெல்லியில் எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளுக்குக் கீழே, வளைவில் இருக்கிறதே டீக்கடை, அது அவருடையதுதான். மளிகைச் சாமானும் வைத்திருந்தார்.

எல்லோரும் அவர் படத்தை ஷேர் செய்திருக்கிறீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சலாக வருகிறது. மாமா மேல், லயத்து ஆட்கள் மேல், என் பூனை மேலும்.

பூனையின் பெயர் சிட்டு. பெயரில்தான் சிட்டு, அவ்வளவு குண்டு... முதுகை நக்க வாய் எட்டாது, அதனால் முடியெல்லாம் சிக்கு. ஜன்னலில் ஏற முடியாமல் கீழேயே உட்கார்ந்து கத்தும்.

"ஏ புள்ள, ஒம் பூனைக்கு வளைகாப்பு எப்ப?" என்று மாமா ஒருநாள் கடையில் வைத்துக் கேட்டார். கடையே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு பாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மிருக ஆஸ்பத்திரி டாக்டர் மலையாளத்தில் திட்டினார். இப்படியே விட்டால் சுகர் வரும், நடக்கவே முடியாமல் போகும் என்றார். கிண்ணம் நிறையக் கொட்டி வைக்கிற காய்ந்த தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தி, பாக்கெட்டில் குழம்பு மாதிரி வருகிற வெட் ஃபுட்டுக்கு மாற்றச் சொன்னார். அதில் தண்ணீர் அதிகம், வயிறு நிறையும், உடம்பு ஏறாது. ஆனால் அளந்துதான் கொடுக்க வேண்டும். ஒரேயடியாகப் பட்டினி போட்டால் ஈரல் கெட்டுவிடும் என்றும் சொன்னார்.

காலையிலும் ராத்திரியிலும் நான் கொடுத்துவிடுவேன். மத்தியானம்? நான் சின்னக்கானல் ரிசார்ட்டில் பெட்ஷீட் மாற்றிக்கொண்டிருப்பேன். அம்மா கொழுந்து பறிக்கப் போய்விடும்.

வேறு வழியில்லாமல் மாமாவிடம் பாக்கெட்டுகளைக் கொடுத்தேன். மத்தியானம் சிட்டு கடைக்கு வரும்போது இதைப் பிரித்து வையுங்கள் என்று சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. "இம்புட்டுத்தானா, வச்சிட்டுப் போ" என்றார்.

கடைத் தராசிலேயே சிட்டுவைச் சாக்கில் போட்டு எடையும் பார்த்தோம். குறையவில்லை. அடுத்த முறை பார்த்தால் ஏறியிருந்தது...

காய்ந்த தீனியை நிறுத்தியாயிற்று. வீட்டில் ஸ்பூனால் அளந்து வைக்கிறேன். பிறகு எப்படி ஏறும்? அம்மாவோடு சண்டை போட்டேன். பக்கத்து வீட்டு ஆட்களை முறைத்தேன். அவர்கள் பதிலுக்கு, வாயில்லாத ஜீவனைப் பட்டினி போடுகிறாள் என்று என்னைப் பேசினார்கள்.

மழை என்று ஒருநாள் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். கடைக்கு வந்து பார்த்தால்... அலுமினியத் தட்டில் சோறு. அதன் மேல் என் பாக்கெட் மொத்தமும் ஊற்றி, மாமா கையால் பிசைந்துகொண்டிருந்தார்.

"என்ன மாமா பண்றீக?"

"நீ குடுத்த கொழம்புதான் ஆத்தா. வெறுங் கொழம்ப எப்படி வைக்க? உப்பு வேற இல்ல, நாக்குல வச்சுப் பாத்தேன்."

கத்த வேண்டும் போல இருந்தது. எனக்குத்தான் கத்த வராதே. "அது கொழம்பு இல்ல மாமா. சாப்பாடே அதான்" என்றேன்.

பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சோறு இல்லாம எப்படித்தா சாப்பாடு?"

அப்புறம் பேரம் பேசினார். பாதிச் சோறு போடட்டுமா என்றார், ஒரு பிடி என்றார், பருக்கையாவது என்றார். எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கடைசியில் சரி, இனிமேல் சோறு கிடையாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். சிட்டுவுக்கு வடையைப் பிய்த்துப் போட்ட ஜீப் டிரைவர் ஒருவரைத் திட்டவும் செய்தார். நானும் நம்பினேன்.

அதற்குப் பிறகும் தராசு முள் இறங்கவே இல்லை. தராசு பழசு, அதுக்கு ஒண்ணும் தெரியாது என்றார் மாமா.

இன்று மத்தியானம் கடையைத் தாண்டி இருக்கிற மாமா வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். எனக்கு முன்னாலேயே சிட்டு அங்கே இருந்தது. ஒருவர் பன் போடுகிறார், ஒருவர் பேப்பர் கப்பில் பால் வைக்கிறார். "பாவம், அவரத் தேடுது" என்கிறார்கள். தேடவில்லை. தின்கிறது.

மாமாவின் சம்சாரம், அத்தை, எழுந்து வந்து, பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோற்றைத் தட்டில் போட்டு அதன் முன்னால் வைக்கப் போனார். அவர் போன வீட்டில் அது பசியோடு கிடக்கக் கூடாதாம்.

புருஷனை இழந்து உட்கார்ந்திருப்பவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் பதினாறாம் நாள் வரை வருகிறவர் எல்லோரும் போடுவார்கள். என் பூனையால் நடக்க முடியாமலே போய்விடும்.

முதல் தடவை சத்தமே வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது.

"அத்தை, சோறு வேண்டாம். மாமாவே நிறுத்திட்டாக."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்த நேரத்தில் என்ன பேச்சு என்று ஒரு பெரியம்மா முணுமுணுத்தார்.

அத்தை தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றார். "நிறுத்தலியேத்தா... முந்தாநாளு வரைக்கும் பூனைக்குன்னு ஒரு பிடி சோறு சேத்துக் கட்டச் சொல்லி வாங்கிட்டுப் போனாக."

யாரிடம் போய்ச் சண்டை போடுவது, சொல்லுங்கள். மாமா உள்ளே மாலை போட்டு, ஃபோட்டோவில் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்.

 அத்தை தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். "அதுக்கு யாரும் எதும் போடாதீக" என்று உள்ளேயிருந்து அவர் சத்தம் கேட்டது.

துக்க வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சிட்டுவைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் வந்துவிட்டேன். மேடு ஏறுவதற்குள் கை மரத்துவிட்டது.

கோபம் இன்னும் போகவில்லை மாமா... போயிட்டு வாங்க.